படியே கிடையாது என்று சொன்ன தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முந்தாநாள் மதியம் ஒன்றரை மணி நேரம் மட்டும், நீ ஒருத்தன் சுகமாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். ஒளிவுமறைவு எதற்கு, அதையும் எழுதிவிடுகிறேன். இங்கே நானும் என் நாத்தனாரும் உயிரோடு இருக்கிறோம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் "என்னக்கா, ஊர் சூப்பரா இருக்கா?" என்று நீ சிரிப்பாய், எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து, முழுசாகப் படி. படி என்று எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன், அது வேறு விஷயம்.

முதலில் உனக்கு மறந்துபோயிருக்கும் சில தகவல்களை நினைவூட்டுகிறேன். உன் அக்காவுக்கு வயது அறுபத்து மூன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமதரையில் இருபது அடி நடப்பேன். அதற்கு மேல் சக்கர நாற்காலி. இடது காலைத் தூக்கி ஒரு படி மேல் வைக்க முடியாது. இதெல்லாம் தெரிந்துதான் நீ "அக்கா, பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தின இடத்தையெல்லாம் ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வா" என்று சொல்லி, கம்ப்யூட்டரில் தேடி, நான்கு பக்கத்துக்குத் திட்டம் போட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலிப் படமும் பச்சைக் குறியும் வைத்து அச்சடித்துக் கையில் கொடுத்தாய். துணைக்கு யார் என்று கேட்டதற்கு, "அத்தானோட தங்கச்சிதான் இப்ப ரிட்டயர் ஆகி சும்மா இருக்காங்க" என்றாய். அவளும் நானும் முப்பத்தேழு வருஷமாக நேருக்கு நேர் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை என்பது உனக்குத் தெரியும். என் கல்யாணத்தன்று, நான் பின்னால் நிற்பது தெரியாமல், "அண்ணன் அவசரப்பட்டுட்டான்" என்று யாரிடமோ சொன்னவள் அவள். உன் அத்தான் போய் நான்கு வருஷம் ஆகிறது. அந்த வாக்கியம் மட்டும் போகவில்லை. அவளோடு என்னை ஒரே அறையில் போட்டாய். போகட்டும். அறைக்கே வருகிறேன்.

ஓட்டல் மேனேஜரிடம் நீயே போன் பண்ணிக் கேட்டாயாம், படியே கிடையாது என்றாராம். டாக்ஸியை விட்டு இறங்கிப் பார்த்தால் வாசலில் பளபளவென்று மூன்று படி. நான் அதைச் சுட்டிக் காட்டினேன். அந்த மனிதர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, "அது படி இல்லீங்க மேடம், என்ட்ரன்ஸ்" என்றார். முப்பத்தொரு வருஷம் பூகோளம் நடத்தியவள் நான். மலை எது, குன்று எது, மேடு எது என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு விளக்கத்தை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. கடைசியில் எங்களைப் பின்பக்கமாகச் சமையல்கட்டு வழியே அழைத்துப்போனார்கள். காய்கறி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் உருட்டிக்கொண்டு வருவதற்காகப் போட்ட சரிவு அது. பாத்திரம் கழுவிய தண்ணீர் அதில் சதா ஓடிக்கொண்டிருக்கிறது. நாத்தனார் தள்ள, நாற்காலி வழுக்க, நான் ஒரு வெங்காய மூட்டையைக் கட்டிப் பிடித்து நின்றேன். மூன்று நாளாக வெளியே போவதும் வருவதும் அந்த வழிதான். தலைமைச் சமையல்காரர் இப்போதெல்லாம் என்னை நிறுத்தி, கரண்டியில் ஊற்றிக் கொடுத்து, உப்பு சரியா என்று கேட்கிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டது.

அறைக்குள் நாற்காலி போனது. குளியலறைக்குள் போகவில்லை. இரண்டு விரற்கடை இடிக்கிறது. சொன்னதும் ஒரு தச்சரை அனுப்பினார்கள். அவர் வந்தார், பார்த்தார், கதவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது இரண்டு விரற்கடை தாராளமாக இருக்கிறது, கதவுதான் இல்லை. படுக்கை விரிப்பை ஆணியில் மாட்டியிருக்கிறோம். பேசிக்கொள்ளாத இரண்டு பொம்பளைகள், நடுவில் ஒரு விரிப்பு. ஒரு இருமல் என்றால் ஆள் உள்ளே இருக்கிறது, இரண்டு இருமல் என்றால் வரலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். அடுத்த நாளே அவளுக்கு ஜலதோஷம் பிடித்து நிஜமாகவே இரும ஆரம்பித்தாள். மேற்கொண்டு நடந்ததை எழுத மாட்டேன்.

முந்தாநாள் உன் திட்டப்படி மெட்ரோ ரயில். மியூசியத்துக்குப் போக வேண்டும். தெருவிலிருந்து டிக்கெட் கூடத்துக்கு இறங்கும் லிஃப்ட் நன்றாக வேலை செய்தது. நான் உன்னை வாழ்த்தினேன், பார், அந்த ஒரு நிமிஷம். கவுன்டரில் இருந்தவர் என் தலைக்கு மேலே நாத்தனாரைப் பார்த்து, "அவங்க எங்க போகணும்?" என்று கேட்டார். "அவங்களுக்கு வாய் இருக்கு" என்றேன். அவர் மறுபடியும் நாத்தனாரையே பார்த்து, அவங்க ஏன் கோபப்படறாங்க என்று விசாரித்தார். சரி என்று உள்ளே போனால், பிளாட்பாரத்துக்கு இறங்கும் லிஃப்டில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: பழுது, அடுத்த நிலையத்தில் உள்ள லிஃப்டைப் பயன்படுத்தவும். நிலைய அதிகாரி வந்தார். சின்ன வயசு, மரியாதையான பையன். அடுத்த நிலையத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். ரயிலில் என்றார். ரயில் எங்கே என்றேன். கீழே என்றார். கீழே எப்படிப் போவது என்றேன். அடுத்த நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது என்று ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்தி, அந்தக் காகிதத்தை முதல் தடவையாகப் படிப்பவர் போல உற்றுப் பார்த்தார்.

திரும்பி மேலே போய்விடலாம் என்று வந்தால், எங்களை இறக்கிய லிஃப்டுக்கு ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை பராமரிப்பாம். மேலேயும் இல்லை கீழேயும் இல்லை. ஒரு பற்பசை விளம்பரத்துக்கு அடியில் என்னை நிறுத்திவிட்டார்கள். வாட்டசாட்டமான நாலு பேர் வந்து, நாற்காலியோடு தூக்கிவிடுகிறோம் என்றார்கள். நல்ல எண்ணம்தான், நான் மறுத்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு என்னை இப்படித்தான் நாலு பேர் வீட்டுக்கு ஏற்றினார்கள். என்னைத் தூக்கிக்கொண்டே, சாயங்காலம் எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டு போனார்கள். அலமாரியைத் தூக்குகிறவர்கள்கூட நடுவில் அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவார்கள். இனி ஒருவர் கையிலும் ஏறுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். உனக்கு இது தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

ஒரு மணி நேரம் போன பிறகுதான் நாத்தனார் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிற்பதைப் பார்த்தேன். அவளுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும் வியாதி. அந்தக் கூடத்தில் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. வேறு வழியில்லாமல் நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, பத்து நிமிஷம் நீ உட்கார் என்று அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். அந்த நேரம் பார்த்து நிலைய அதிகாரி வந்தார். என் முகத்தை நேராகப் பார்த்து, மிகவும் பரிவாக, "அவங்களுக்கு என்ன செய்யுதுங்க?" என்று என்னிடம் கேட்டார். அன்றைக்கு முழுவதும் ஒருவர் என்னை நேராகப் பார்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். மியூசியம் மூன்று மணிக்கு மூடிவிட்டது.

நேற்றுதான் கழிமுகம். எனக்கு இந்தப் பயணமே அதற்காகத்தான். முப்பத்தொரு வருஷம், பழுப்புச் சுண்ணக்கட்டியால் ஆற்றை இழுத்து, பச்சைச் சுண்ணக்கட்டியால் கடலை நிரப்பி, இரண்டும் சேருமிடத்தில் ஒரு கோடு போட்டு, "இந்தக் கோடு கண்ணுக்கே தெரியும் பிள்ளைகளா" என்று சொல்லியிருக்கிறேன். நான் பார்த்ததில்லை. எனவே மெட்ரோ வேண்டாம், தரைக்கு மேலேயே போகலாம் என்று கிளம்பினோம். டாக்ஸிக்காரர் டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருக்கிறது, நாற்காலியை மடித்தாலும் போகாது என்று கிளம்பிப் போய்விட்டார். பிறகு சாய்தளம் உள்ள பஸ் வந்தது. டிரைவரே இறங்கி, அந்தப் பலகையைப் பிடித்து இழுத்தார், உதைத்தார், ஸ்பானரால் தட்டினார். துருப்பிடித்து அப்படியே இறுகிக்கிடந்தது. உள்ளே இருந்தவர்கள் உச்சுக் கொட்ட ஆரம்பித்தார்கள். "ஏழு வருஷமா இந்த வண்டி ஓட்டறேன், யாரும் இதைக் கேட்டதில்லம்மா" என்று வருத்தப்பட்டார். கேட்பதற்கு முதலில் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து சேர வேண்டும் அல்லவா.

எப்படி வந்து சேர்வது? மோட்டார் சைக்கிள் ஏறக் கூடாது என்று நடைபாதை நெடுக இரும்புக் குழாய் நட்டிருக்கிறார்கள். சாலையிலேயே தள்ளிக்கொண்டு போனோம். ஒரு டிராபிக் போலீஸ்காரர் விசிலடித்து, நடைபாதையில் போகச் சொல்லி அதட்டினார். நீங்களே ஏற்றிவிடுங்கள் என்றேன். அவர் நாற்காலியைப் பிடித்து இரண்டு குழாய்களுக்கு நடுவே நேராக விட்டுப் பார்த்தார், திருப்பி விட்டுப் பார்த்தார். அவர் கண்ணெதிரே ஒரு மோட்டார் சைக்கிள் லேசாகச் சாய்ந்து, நெளிந்து, அதே சந்தில் போயே போய்விட்டது. பாவம், முகம் சிவந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் நடந்து, அரை கிலோமீட்டர் வண்டிகளை ஒதுக்கிவிட்டார். இந்த ஊரில் நான் சபிக்காத இரண்டு மூன்று பேரில் அவர் ஒருவர்.

கழிமுகக் காட்சி மேடை. உன் திட்டத்தில் இதற்குப் பச்சைக் குறி மூன்று. நாற்பத்திரண்டு கல்படி. நுழைவாயிலில் இருந்த சீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது என்று பெருமையாக ஒரு அறையைக் காட்டினார். மேலே கேமரா வைத்து, தெரிகிற காட்சியைக் கீழே டிவியில் காட்டுவார்களாம். உள்ளே போய்ப் பார்த்தேன். திரை முழுக்க நீலம். நடுவில் 'சிக்னல் இல்லை' என்று எழுத்து. அதற்கு எதிரே எனக்காக மெத்தை போட்ட நாற்காலி ஒன்று. இவ்வளவு தூரம் வந்து நான் டிவியில் ஆறு பார்க்க வேண்டுமாம், அந்த ஆறும் வரவில்லை.

நீயாவது பார்த்துவிட்டு வா என்று நாத்தனாரை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் இறங்கி வந்தாள். "ஒண்ணும் தெரியல அண்ணி. ஒரே பனி" என்றாள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. என்னால் ஏற முடியாது என்பதற்காக, ஏறியும் பிரயோஜனம் இல்லை என்று ஆறுதல் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு யார் கோபப்பட்டாலும் தாங்கும், இரக்கப்பட்டால் தாங்காது. சீட்டுக்காரர் முன்னாலேயே, "என் கல்யாணத்தன்னிக்கு மனசுல பட்டதை அப்படியே சொன்னியே, அந்த மாதிரி உள்ளதைச் சொல்லு" என்றேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன், தம்பி. முதல் படியில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, வலது காலால் உந்தி, இரண்டாம் படியில் உட்கார்ந்தேன். அப்படியே முதுகு காட்டிக்கொண்டு மேலே போகலாம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உடனே காவலாளி ஓடி வந்து, படியில் உட்காரக் கூடாது, போர்டு இருக்கிறது என்று நீட்டி முழக்கினார். அப்போது பேசினாள் என் நாத்தனார். முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள், குரல் உயராது. ஆனால் லைனைத் துண்டிக்கப் போகிறவளின் குரல். "போர்டுல உட்காரக் கூடாதுன்னுதான் இருக்கு. அவங்க உட்காரல, போய்க்கிட்டிருக்காங்க." காவலாளி போர்டைத் திரும்பிப் படித்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

ஒரு மணி ஐந்து நிமிஷம். அவள் வாக்கரைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் விழுந்தால் தாங்குவதற்கு எனக்கு ஒரு படி கீழே வந்தாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எங்களைத் தாண்டிக் குதித்துப் போனார்கள். பாதி வழியில் ஒரு புது ஜோடி, போட்டோவில் நாங்கள் விழுகிறோம், கொஞ்சம் நகர முடியுமா என்று கேட்டது. நகர்ந்துகொண்டுதான் இருக்கிறோம் என்றேன். வலி என்றால் சொல்லி முடியாது. கோபம்தான் என்னை ஏற்றியது. ஒவ்வொரு படிக்கும் ஒரு ஆளை வைத்துக்கொண்டு, அவரைத் திட்டித் திட்டியே உந்தினேன். ஓட்டல் மேனேஜருக்கு ஆறு படி. மெட்ரோவுக்கு ஒன்பது. இரும்புக் குழாய் நட்டவனுக்கு ஐந்து. உனக்குப் பதினேழு. மிச்சத்தை, என்னை இப்படி விட்டுவிட்டுப் போன உன் அத்தானுக்கு வைத்தேன்.

மேலே போய் நிமிர்ந்து பார்த்தால், ஒரே பனி. ஆறு இல்லை, கடல் இல்லை, நான்கு அடி தள்ளி இருந்த கைப்பிடிச் சுவர்கூட இல்லை. சட்டியில் பால் காய்கிற மாதிரி வெள்ளை. அவள் சொன்னது அட்சரசுத்தமான உண்மை. அவள் "நான்தான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். என் வாழ்நாளில் ஒருத்தரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால், "நீ சொன்னது சரிதான்" என்று மட்டும் சொன்னேன். எது என்றாள். பனி என்றேன்.

கொஞ்ச நேரம் இருமிக்கொண்டிருந்துவிட்டு அவளாகவே சொன்னாள்: "அன்னிக்குச் சொன்னது உங்களைத்தான் அண்ணி. எனக்கு அப்ப இருபத்தொரு வயசு. தப்பா சொல்லிட்டோம்னு புரிய ஆறு மாசம் ஆச்சு. அதை உங்ககிட்ட சொல்ல முப்பத்தேழு வருஷம் ஆயிருச்சு." எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எவ்வளவு தேடியும் கைக்கு அகப்படவில்லை. எல்லாவற்றையும் படியிலேயே செலவழித்துவிட்டேன். ஈரத் தரையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஆறு மாசத்தில் எப்படிப் புரிந்தது என்று கேட்டேன். அண்ணன் அதற்கப்புறம் வீட்டில் சிரிக்க ஆரம்பித்துவிட்டான் என்றாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அந்தப் பக்கமும் பனிதான்.

மூன்றரை மணி வாக்கில் காற்று மாறியது. யாரோ விரிப்பை உருவுகிற மாதிரி பனி விலகியது. பத்து நிமிஷம் இருக்கும். பழுப்பாக ஆறு, பச்சையாகக் கடல், நடுவில் அந்தக் கோடு. நிஜமாகவே இருக்கிறது தம்பி. நான் போட்ட மாதிரி நேராக இல்லை, மூச்சு விடுகிற மாதிரி வளைந்து வளைந்து அசைகிறது. ஆனால் மணல்திட்டு இடது பக்கம் இருக்கிறது. நான் முப்பத்தொரு வருஷமும் அதை வலது பக்கம் வரைந்திருக்கிறேன். ஒரு தடவை ஒரு பெண் பரீட்சையில் இடது பக்கம் வரைந்திருந்தாள். சிவப்பு மையால் அடித்து மார்க்கைக் குறைத்தவள் நான். அதைச் சொன்னதும் நாத்தனார் சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்புறம் நான் அழுதேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, இடுப்பு வலி.

இறங்குவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்பக்கத்திலிருந்து ஒருவர் தண்ணீர் கேன்களை வண்டியில் வைத்து ஹாயாகத் தள்ளிக்கொண்டு வந்தார். இதை எப்படி மேலே கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். "லிஃப்டுலதாங்க" என்றார். சிற்றுண்டிக் கடைக்குச் சரக்கு ஏற்றுகிற லிஃப்ட். கட்டியதிலிருந்து இருக்கிறதாம். கீழே சீட்டுக்காரரிடம் போய் ஏனய்யா சொல்லவில்லை என்று கத்தியதற்கு, அது சரக்கு லிஃப்ட், ஆட்கள் ஏறக் கூடாது, தவிர நீங்கள் கேட்கவே இல்லையே என்றார். நான் அதில்தான் இறங்கி வந்திருந்தேன், காலிக் கேன்களுக்கு நடுவில். புகார்ப் புத்தகம் கேட்டு வாங்கி ஏழு பக்கம் எழுதினேன். கை ஓய்ந்ததும் நான் சொல்லச் சொல்ல நாத்தனார் எழுதினாள். அவளாகவே இரண்டு பக்கம் சேர்த்தாள். என்னுடையதைவிட அவளுடையதில்தான் காரம் அதிகம்.

ஆகவே தம்பி, எனக்கு இந்த ஊர் போதும், உன் திட்டம் போதும், உன் பச்சைக் குறிகளும் போதும். இந்தக் கடிதம் கிடைத்ததும் லீவு போட்டுவிட்டு நேரே புறப்பட்டு வா. வந்து அந்த மூன்று படியின் முன்னால் மேனேஜரோடு நின்று அது என்ன என்று என்னிடம் சொல். பிறகு எங்கள் இருவரையும் வீட்டில் கொண்டுபோய்ச் சேர். இனி என் வாழ்நாளில் தெருமுனையைத் தாண்டுவதாக இல்லை. பயணம் என்ற பேச்சை என் முன்னால் எடுக்காதே.

உன் மனைவிக்கு என் அன்பு. அவளிடம் உன்னைப் பற்றி இதில் எழுதியதையெல்லாம் வாசித்துக் காட்டவும். பெரியவளுக்கும் சின்னவனுக்கும் முத்தங்கள். சின்னவன் பூகோளத்தில் நல்ல மார்க் எடுக்க வேண்டும், படம் வரையும்போது என் பழைய நோட்டைப் பார்க்க வேண்டாம் என்று சொல். நீ நோய்நொடி இல்லாமல், முழங்கால் மூட்டெல்லாம் நல்லபடியாக வைத்துக்கொண்டு நீண்டகாலம் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

கோபத்துடன், உன்
அக்கா

பி.கு.: வராதே. கடிதத்தை ஒட்டப் போகும்போதுதான் நாத்தனார், இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு தீவில் பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது என்றாள். உள்ளே வர வசதி உண்டா என்று அவளே போன் போட்டுக் கேட்டாள். அங்கே காவலுக்கு இருக்கும் பெரியவர், "இருநூத்திப் பதினாறு படிம்மா, லிஃப்ட் கிடையாது, பிடிச்சுக்கக் கம்பி கிடையாது, மேல உட்காரவும் இடம் கிடையாது" என்றாராம். இந்த ஊரில் இவ்வளவு நேர்மையான மனிதர் இவர் ஒருவர்தான், பார்க்காமல் வர மனசு வரவில்லை. நேற்றைய வேகத்தில் போனால் ஐந்தரை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். நாளை காலை முதல் படகில் கிளம்புகிறோம். அறையை இன்னும் ஒரு வாரத்துக்கு நீட்டிக்கச் சொல்லிவிட்டேன். நீ இருந்தால் எங்களுக்கு இடைஞ்சல்.